உச்சிக்குப் பக்கத்தில் ஒரு பாம்பு: சறுக்கிச் சறுக்கி ஏறும் கேம்கள் ஏன் இழுக்கின்றன?

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காகப் பரமபதம் ஆடியவர்களுக்கு அந்தப் பாம்பைத் தெரியும். சொர்க்கத்துக்கு இன்னும் சில கட்டங்களே என்ற இடத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். காய் அதன் தலையில் நின்றால் வால் இருக்கும் அடிக்கட்டத்துக்கு இறங்கிவிட வேண்டும். 2017-இல் வெளியான 'கெட்டிங் ஓவர் இட்' என்ற கணினி விளையாட்டிலும் மலையின் மேற்பகுதியில் ஒரு பாம்பு உண்டு. 'பாம்பின் மேல் ஏறாதே' என்று பக்கத்திலேயே ஒரு பலகையும் உண்டு. மீறி ஏறியவர், கை தவறி அதன்மேல் போனவர் எல்லாரும் வந்து விழுவது ஆட்டம் தொடங்கிய இடத்தில், அதே பட்டமரத்தடியில்.

இரண்டு பாம்புக்கும் ஒரு வித்தியாசம்தான். பரமபதத்தில் நம்மைப் பாம்பின் வாயில் கொண்டுபோய் வைப்பது தாயக்கட்டை. இங்கே வைப்பது நம் கை. இந்த வகை கேம்களின் ஈர்ப்பு முழுவதும் அந்த வித்தியாசத்திலிருந்துதான் வருகிறது.

ஆண்டுத் தேர்வு முடிந்து மாங்காய் வரத்து தொடங்கும் நாட்களில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில் இந்தக் காட்சி சாதாரணம். பையன் மடிக்கணினிக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். திரையில் ஓர் ஆள் ஏறுவதும் விழுவதுமாக இருப்பார். "ஏன் சாமி, அந்தாளு காலையிலிருந்து உழுந்துக்கிட்டே கெடக்கறான். எழுந்து வந்து களி துன்னு" என்று பாட்டி கூப்பிடுவார். அப்பாவுக்கோ வேறு கேள்வி. கணக்கில் ஒரு தடவை விடை தப்பினால் நோட்டை மூடி வைக்கிற பிள்ளை, இந்தப் பாறையில் மட்டும் இருநூறு தடவை எப்படி ஏறுகிறான்? நியாயமான கேள்வி. அதற்குச் சரியான பதில் சொல்ல, முதலில் அந்தப் பாறையைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

அண்டாவுக்குள் ஓர் ஆள்

'கெட்டிங் ஓவர் இட்' கேமின் நாயகன் இடுப்புக்குக் கீழே ஓர் இரும்பு அண்டாவுக்குள் இருக்கிறார். கால் கிடையாது. கையில் நீண்ட பிடி போட்ட ஒரு சம்மட்டி. மவுஸை நகர்த்தினால் சம்மட்டியின் தலை அந்தப் பக்கம் போகும். அவ்வளவுதான், வேறு பட்டன் எதுவும் இல்லை. சம்மட்டியைப் பாறை விளிம்பில் மாட்டி மவுஸைக் கீழே இழுத்தால் ஆள் மேலே வருவார். தரையை நோக்கிச் சட்டென்று குத்தினால் அந்த உந்துதலில் அண்டா எகிறும். மாட்டுவது, இழுப்பது, குத்தி எகிறுவது ஆகிய மூன்றும் கைவந்தால் மலை முழுவதும் ஏறிவிடலாம். கைவருவதற்குத்தான் நாட்கள் ஆகின்றன.

செய்தவர் பென்னட் ஃபாடி. ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், தத்துவம் படித்தவர், 'கட் காப்பி' என்ற இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர், பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு வடிவமைப்பு கற்றுக் கொடுத்தவர். ஓடும் ஆளின் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் தனித்தனி விசை கொடுத்த 'க்வாப்' (2008), பாறையின் ஒவ்வொரு பிடிக்கும் விசைப்பலகையின் ஓர் எழுத்தைக் கொடுத்த 'கெர்ப்' (2011) இரண்டும் அவருடையவைதான். 2002-இல் ஜாஸுவோ என்ற புனைபெயரில் ஒருவர் வெளியிட்ட 'செக்ஸி ஹைக்கிங்' என்ற சிறு கேமுக்கு மரியாதையாகத்தான் அண்டாக்காரரை ஃபாடி உருவாக்கினார். சம்மட்டியால் மலை ஏறும் யோசனை அந்தப் பழைய கேமுடையது. நாம் விழும்போதெல்லாம் ஃபாடியின் குரல் கேட்கும். தோல்வியைப் பற்றி நிதானமாகப் பேசுவார், பழைய அறிஞர்களின் வரிகளை எடுத்துச் சொல்வார். பலருக்கு அந்த ஆறுதல்தான் அதிக எரிச்சலைக் கிளப்புகிறது. ஆனால் அவர் சொல்வதில் கேலி இல்லை என்பது பத்தாவது முறை விழும்போது புரியத் தொடங்கும்.

இந்த வழியில் பிறகு நிறைய வந்தன. 2019-இல் 'ஜம்ப் கிங்', அதே ஆண்டில் ஸ்பிரிங் குச்சியில் குதித்துப் போகும் 'போகோஸ்டக்', 2023-இல் 'ஒன்லி அப்', 2024-இல் 'எ டிஃபிகல்ட் கேம் அபௌட் கிளைம்பிங்', அதே 2024-இல் சங்கிலியால் பிணைத்த 'செயின்டு டுகெதர்', 2025-இல் 'பீக்'. ஃபாடியே இன்னும் இருவருடன் சேர்ந்து, ஒவ்வொரு காலையும் தனித்தனியாக எடுத்து வைக்கவேண்டிய 'பேபி ஸ்டெப்ஸ்' கேமை 2025-இல் கொண்டுவந்தார். இந்தக் குடும்பத்துக்கே அவர் பெயரால் 'ஃபாடியன்' என்று ஆட்டக்காரர்கள் பெயர் வைத்துவிட்டார்கள்.

சேவ் இல்லை என்பது தவறு

இந்த கேம்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது 'சேவ் கிடையாது', அதாவது ஆட்டத்தின் நிலையைப் பதிந்து வைக்க வழி இல்லை என்பதுதான். உண்மை அதற்கு நேர்மாறானது. ஏறும்போது கரண்ட் போய்க் கணினி அணைந்தாலும், மறுபடி திறந்தால் அண்டாக்காரர் விட்ட இடத்தில்தான் நிற்பார். கேம் ஓயாமல் சேவ் செய்துகொண்டே இருக்கிறது. நீங்கள் விழுந்தால் விழுந்ததையும் சேவ் செய்துவிடுகிறது. இல்லாதது, 'விழுவதற்கு முன்னால் இருந்த நிலைக்குத் திரும்பு' என்ற வசதி.

சாதாரண மேடை கேம்களில், அதாவது குதித்துக் குதித்துப் போகும் வகையில், செத்தால் செக்பாயிண்டில், அதாவது வழியில் கேம் கடைசியாகக் குறித்து வைத்த இடத்தில், பிழைப்போம். கேமுக்குள் சாவு வரும், ஆனால் நடந்தது நடக்காததாகிவிடும். ஏறும் கேம்களில் பெரும்பாலும் யாரும் சாவதில்லை. விழுகிறோம், விழுந்த இடத்திலிருந்து எழுகிறோம். நடந்தது நடந்ததுதான். அதனால் ஒரு மணி நேரம் ஏறி வந்த உயரத்துக்கு உண்மையான மதிப்பு வந்துவிடுகிறது. உள்ளங்கை வியர்ப்பது அதனால்தான்.

நஷ்டத்தின் கனத்தை மனம் எப்படி எடைபோடுகிறது என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் பணத்தை வைத்து அளந்திருக்கிறார்கள். 1992-இல் அவர்கள் சொன்ன கணக்குப்படி, ஒரு ரூபாய் கிடைக்கும் சந்தோஷத்தைவிட ஒரு ரூபாய் போகும் வலி ஏறத்தாழ 2.25 மடங்கு. பத்து அடி ஏறிய மகிழ்ச்சியைவிடப் பத்து அடி சறுக்கிய வேதனை பெரிது. அப்படியிருக்க, சாண் ஏறினால் முழம் சறுக்கும் ஒரு கேமை எவரும் பத்து நிமிடத்தில் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். போடாததற்குக் காரணம், கணக்கில் வராத ஒரு வரவு இருக்கிறது.

எண்ணெய் எங்கே போகிறது

கிருஷ்ண ஜெயந்திக்கு நம் ஊர்களில் உறியடியோடு வழுக்கு மரமும் நடுவார்கள். வழுவழுவென்று இழைத்த கம்பத்தில் எண்ணெய் தடவி, ஏறுகிறவர் மேல் தண்ணீரையும் பீய்ச்சி அடிப்பார்கள். உச்சியில் பணமுடிப்பு. விவரம் தெரிந்த இளைஞர்கள் முதலில் ஏற மாட்டார்கள். முதல் பத்துப் பேர் ஏறிச் சறுக்கும்போது அவர்கள் மார்பிலும் தொடையிலும் எண்ணெய் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கம்பம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடி கொடுக்கத் தொடங்கும். மேலே போகிறவர், தனக்கு முன் சறுக்கியவர்கள் துடைத்துவிட்ட கம்பத்தில்தான் போகிறார்.

கேமில் அந்தச் சலுகை இல்லை. ஐந்நூறு முறை விழுந்தாலும் மலையில் ஒரு கல்கூட இடம் மாறாது, எண்ணெய் குறையாது. மாறுவது ஏறுகிறவர் கை மட்டுமே. முதல் முறை பல மணி நேரம், சிலருக்குப் பல நாள் பிடித்த அதே மலையை, பழகியவர் ஒரு மாலைப்பொழுதில் ஏறுகிறார். நேரக் கணக்கு வைத்துப் போட்டி போடுகிறவர்கள் இரண்டு நிமிடத்துக்குள் முடிக்கிறார்கள். மலை அதே மலை. அந்த வித்தியாசம் முழுவதும் கைப்பழக்கம். பணம் கொடுத்து வாங்கிய ஆயுதமோ, லெவல் ஏறி வந்த பலமோ இதில் எதுவும் சேரவில்லை.

மாசி, பங்குனியில் புளி உலுக்குகிறவர்களைக் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். நுனிக்கிளைக்குப் போகும் அனுபவசாலி காலைப் பார்ப்பதில்லை. பாதமே கிளையைத் தொட்டு, எடை தாங்குமா என்று பார்த்துக்கொள்கிறது. கண்ணுக்கும் யோசனைக்கும் வேலை இல்லாமல் உடம்பு தானாகச் செய்யும் அந்த நிலைக்கு, பல நூறு முறை செய்துதான் வர முடியும். ஏறும் கேமில் விழுவது அந்தப் பல நூறு முறையைக் கட்டாயமாக்குகிறது. நாற்பது நிமிடம் திணறி ஏறிய பகுதியை, விழுந்த பிறகு எட்டு நிமிடத்தில் ஏறிவிடுகிறோம். அடுத்த முறை மூன்று நிமிடம். போன இடத்துக்கே திரும்பிப் போவதில்தான் 'நான் தேறிவிட்டேன்' என்பது கண்கூடாகத் தெரிகிறது. செக்பாயிண்ட் வைத்திருந்தால் அந்தப் பகுதியை மறுபடி மிதித்திருக்கவே மாட்டோம், தேறியதும் தெரிந்திருக்காது.

அப்பா கேட்ட கேள்விக்குப் பதிலும் இதில் இருக்கிறது. கணக்கு நோட்டில் தப்பு என்று தெரிய மறுநாள் வாத்தியார் திருத்தித் தரும்வரை காத்திருக்க வேண்டும். எந்த வரியில் தப்பியது என்பது பல நேரம் தெரிவதே இல்லை. பாறையில் தப்பு அரை நொடியில் தெரிகிறது, எதனால் என்றும் தெரிகிறது, அடுத்த முயற்சி அடுத்த நொடியிலேயே கிடைக்கிறது. பிள்ளையின் பொறுமை இரண்டிலும் ஒன்றுதான். பதில் வரும் வேகம்தான் வேறு.

நியாயமான வீழ்ச்சியை எப்படிச் செய்கிறார்கள்

கஷ்டமான கேமைச் செய்வது சுலபம். விழுந்தவர் தன் கையைக் குறை சொல்லும்படி செய்வதுதான் கஷ்டம். அதற்கு 'ஜம்ப் கிங்' நல்ல பாடம்.

அதில் இடது, வலது, குதி என்று மூன்றே விசைகள். குதிக்கும் விசையை அழுத்தினால் நாயகன் குந்துவான். எவ்வளவு நேரம் அழுத்துகிறோமோ அவ்வளவு பலம் சேரும். விட்டதும் பாய்வான். கால் தரையை விட்ட பிறகு நம் கையில் எதுவும் இல்லை, காற்றில் திசை மாற்ற முடியாது. சுவரில் மோதினால் பந்து போலத் திரும்பி வருவான். ஆகவே ஒவ்வொரு தாவலும் மூன்றே விஷயங்களால் தீர்மானமாகிறது: எங்கே நின்றோம், எவ்வளவு நேரம் அழுத்தினோம், விடும்போது எந்தப் பக்கம் பிடித்திருந்தோம். இதே மூன்றையும் அப்படியே திரும்பச் செய்தால் அவன் அதே இடத்தில்தான் இறங்குவான். அதிர்ஷ்டம் நுழைய இடுக்கே இல்லை.

விழுந்து எங்கே போய்ச் சேர்கிறோம் என்பதிலும் இதே அளவு உழைப்பு இருக்கிறது. மலையை வரைகிறவர் ஏறும் வழியை மட்டும் வரைவதில்லை, விழும் வழியையும் வரைகிறார். சில தாவல்களுக்கு அடியில் ஒரு திண்ணை இருக்கும். தப்பினால் அரை நிமிட நஷ்டம், பயமில்லாமல் பழகலாம். சில இடங்களில் அடியில் ஒன்றுமே இருக்காது. தப்பினால் நான்கைந்து திரை தாண்டிக் கீழே. நல்ல வடிவமைப்பாளர் கடினமான தாவலுக்கு அடியில் பெரும்பாலும் திண்ணை வைத்துவிட்டு, அதைத் தாண்டியதும் வரும் சுலபமான தாவலைப் பள்ளத்தின் மேல் வைப்பார். கஷ்டம் முடிந்தது என்று தோள் இறங்கும் நேரம் அது. விழுந்தவருக்குத் தெரியும், தன் திறமை போதாமல் விழவில்லை, கவனம் தளர்ந்து விழுந்தோம் என்று. அந்தத் தெளிவு கிடைத்துவிட்டால் கேமை மூடிவைக்க மனம் வராது.

இதற்கு எதிர்முனையில் நிற்பது 2018-இல் வந்த 'செலஸ்ட்'. அதுவும் மலை ஏறும் கதைதான், அதுவும் கடினம்தான். ஆனால் ஒவ்வொரு திரையிலும் செத்தால் அந்தத் திரையின் தொடக்கத்திலேயே உடனே பிழைக்கலாம். உள்ளே ரகசியமாகச் சலுகைகள் வேறு வைத்திருக்கிறார்கள். விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும், நொடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குக் குதி விசை வேலை செய்யும். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்திவிட்டாலும் கேம் அதை நினைவில் வைத்துக்கொண்டு தொட்டதும் குதிக்க வைக்கும். மேல்விளிம்பின் மூலையில் தலை இடித்தால் நாயகியை லேசாக ஒதுக்கி விடும். ஆட்டக்காரரின் கை அல்ல, அவர் எண்ணம்தான் கணக்கு என்பது அதன் நியாயம். அண்டாக்காரர் உலகத்தில் எண்ணத்துக்கு மதிப்பில்லை, கை செய்ததுதான் கணக்கு. இரண்டு நியாயமும் நேர்மையானவை. எது உயர்ந்தது என்று சண்டை போடுவது வீண். புதிதாகத் தொடங்குகிறவருக்கு 'செலஸ்ட்' நல்ல வாசல் என்பது மட்டும் உறுதி. அதில் வேகத்தைக் குறைக்கவும் சாகாமல் ஆடவும் 'அசிஸ்ட் மோட்' இருக்கிறது, அதைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஏதுமில்லை.

போலி மலைகள்

ஃபோனில் 'ஏறும் கேம்' என்று தேடினால் பெயரையும் படத்தையும் சற்று மாற்றிய நகல்கள் வந்து குவியும். 'ஒன்லி அப்' விஷயத்தில் இது அதிகம். அசல், 2023 மே மாதம் கணினிக்கு வெளியாகி உலகம் முழுவதும் பரவி, அதே ஆண்டு செப்டம்பரில், தனியாளாக அதைச் செய்தவர் மன அழுத்தம் என்று சொல்லி விற்பனையிலிருந்தே எடுத்துக்கொண்டது. அந்த வெற்றிடத்தில் நகல்கள் முளைத்தன. 'கெட்டிங் ஓவர் இட்' ஆண்ட்ராய்டில் காசு கொடுத்து வாங்க வேண்டியது. அதைக் காசில்லாமல் நிறுவும் திருட்டு ஏபிகே கோப்புகள் வாட்ஸாப் குழுக்களில் சுற்றுகின்றன. அவற்றில் என்ன ஒட்டிக்கொண்டு வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, இறக்காதீர்கள்.

நகல்களின் பெரிய குற்றம் திருட்டு மட்டுமல்ல, அவை இந்த வகையின் உயிரையே எடுத்துவிடுகின்றன. விழுந்ததும் ஒரு விளம்பரம், விளம்பரத்தைப் பார்த்தால் விழுந்த இடத்துக்கே திரும்பலாம் என்று ஒரு பட்டன். வீழ்ச்சியை விலை பேசி விற்கும்போது உயரத்துக்கு மதிப்பு போய்விடுகிறது. ஆள் தாவும், விழும் விதமும் தாறுமாறாக இருக்கும்.

ஒரு கேம் நியாயமானதா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். அடிவாரத்திலேயே, அடியில் திண்ணை இருக்கும் ஒரு தாவலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுவரில் முதுகை ஒட்டி நின்று, முழு பலத்தில், ஒரே பக்கம் பத்து முறை தாவுங்கள். பத்து முறையும் ஒரே இடத்தில் இறங்கினால் தொடர்ந்து ஆடலாம். நான்கு முறை ஓரிடம், ஆறு முறை வேறிடம் என்றால் அது தாயக்கட்டை, அழித்துவிடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ரம்மி போன்ற பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025-இல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்தது. அந்தப் பயத்தில் எல்லா கேமையும் ஒரே மூட்டையில் கட்டுவது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் இங்கே பந்தயம் இல்லை, விட்ட பணத்தைப் பிடிக்கும் வெறி இல்லை. செலவாவது நேரம்தான். அந்த நேரத்துக்கு எல்லை வைப்பது வீட்டுப் பெரியவர்களின் பொறுப்பு. உடம்பு சம்பந்தமாகக் கவனிக்க வேண்டியது மணிக்கட்டு. மவுஸை இறுக்கிப் பிடித்து இழுப்பதால் கட்டைவிரல் அடிப்பகுதியும் மணிக்கட்டும் வலிக்கத் தொடங்கும். வலித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்த வேண்டும்.

கை பழகும் வழி

தொடங்குவதற்கு முன் மவுஸைச் சரிசெய்ய வேண்டும். டச்பேடில் அண்டாக்காரரை ஏற்றுவது வீண் வேதனை, சாதாரண மவுஸே போதும். விண்டோஸில் கண்ட்ரோல் பேனல் போய், மவுஸ் பகுதியில் 'பாயிண்டர் ஆப்ஷன்ஸ்' திறந்தால் 'என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்' என்று ஒன்று டிக் போட்டிருக்கும். அதை எடுத்துவிடுங்கள். அது இருந்தால், கையை வேகமாக நகர்த்தும்போது சுட்டி அதிக தூரமும் மெதுவாக நகர்த்தும்போது குறைந்த தூரமும் போகும். ஒரே அசைவுக்கு ஒரே பலன் என்பது இல்லாமல் கை எதைப் பழகும்? பிறகு கேமுக்குள் இருக்கும் சென்சிடிவிட்டியை, அதாவது மவுஸ் அசைவுக்குச் சம்மட்டி எவ்வளவு நகரும் என்ற அளவை, கையை எடுத்து வைக்காமல் சம்மட்டியை ஒரு முழு வட்டம் சுற்றும் அளவுக்கு அமைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அதைத் தொடவே கூடாது. விழும் ஆத்திரத்தில் சென்சிடிவிட்டியை மாற்றுகிறவர்கள் அதுவரை கை கற்றதை எல்லாம் கலைத்துவிடுகிறார்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் இன்னொரு சிக்கல் வரும். மெத்தைமேல் வைத்த மடிக்கணினி காற்றோட்டம் அடைபட்டுச் சூடேறி, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். படம் திக்கித் திக்கி ஓடும். விசையை விட்ட நேரத்துக்கும் திரையில் தாவும் நேரத்துக்கும் இடைவெளி விழும். 'நேற்று வந்த தாவல் இன்று வரவில்லை' என்று புலம்புவதற்கு முன் கணினியின் அடியைத் தொட்டுப் பாருங்கள். மேசைமேல், பின்பக்கம் ஒரு விரல்கடை உயர்த்தி வைத்து, கிராஃபிக்ஸ் அளவைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

அண்டாக்காரரிடம் எல்லாரும் செய்யும் முதல் பிழை, அவசரமாக இழுப்பது. விளிம்பில் சம்மட்டியை மாட்டியதும் வெடுக்கென்று இழுத்தால் தலை நழுவிவிடும். முதலில் மெதுவாக இழுத்து எடையை ஏற்ற வேண்டும். அண்டா தரையை விட்டது தெரிந்த பிறகு, மவுஸைக் கீழே இழுத்தபடியே பக்கவாட்டில் அரைவட்டமாகக் கொண்டுபோனால் உடல் விளிம்புக்கு மேல் வந்து உட்காரும். தொடக்கப் பகுதியில் இரண்டு பாறைக்கு நடுவே ஒடுங்கிய சந்து ஒன்று வரும், 'டெவில்ஸ் சிம்னி' என்பார்கள். பெரும்பாலானவர்கள் முதல் நாள் இங்கேதான் நிற்பார்கள். மேலே எதையாவது மாட்டிக்கொள்ளலாம் என்று தேடுவதுதான் இங்கே தவறு. எதிர்ச் சுவரில் சம்மட்டியை ஊன்றித் தள்ளி, அண்டாவை இந்தச் சுவரோடு அழுத்தி நிறுத்தி, சற்று மேலே மறுபடி ஊன்ற வேண்டும். குறுகிய கிணற்றில் இருபக்கமும் கால் உதைத்து மேலே வருகிறவர் செய்வது இதைத்தான்.

இரண்டாவது பிழை விழும்போது நடப்பது. பிடி நழுவியதும் பதறிப்போய் மவுஸை நாலாபக்கமும் அடிப்போம். அந்த அடியில் சம்மட்டி பாறையில் பட்டு, ஒரு திண்ணையில் நின்றிருக்க வேண்டிய ஆளை அங்கிருந்தும் தள்ளிவிடும். நழுவியதும் கை அசையாமல் நிற்கப் பழக வேண்டும். முடிந்தால் சம்மட்டியைச் சுவர்ப்பக்கம் நீட்டிப் பிடித்தாலே போதும், பல நேரம் ஏதாவது ஒரு விளிம்பில் மாட்டிக்கொள்ளும். பெரிய வீழ்ச்சிகளில் பாதி, முதல் சறுக்கலால் வருவதில்லை. அதற்குப் பின் வரும் பதற்றத்தால் வருகிறது.

'ஜம்ப் கிங்' வேறு மாதிரிப் பழக்கம் கேட்கும். குதி விசையை முழு பலம் வரும்வரை அழுத்தினால் நாயகன் தானாகவே பாய்ந்துவிடுவான். ஆகவே முழுத் தாவலில் நேரத்தைக் கணிக்கும் வேலையே இல்லை, நிற்கும் இடம் மட்டும் சரியாக இருந்தால் போதும். ஒரு திரையில் மாட்டிக்கொண்டால், அரைப் பலத்தில் தாவ முயல்வதற்கு முன், எங்கே நின்றால் முழுத் தாவல் சரியாக வரும் என்று தேடுங்கள். நிற்கும் இடத்தைக் கண்ணால் குத்துமதிப்பாக வைக்காமல் சுவரோடு ஒட்டியோ விளிம்பின் கடைசியிலோ வையுங்கள். பாறையில் உள்ள விரிசல், புல், செங்கல் கோடு எல்லாமே அடையாளம்தான். அரைப் பலத் தாவல் தவிர்க்க முடியாத இடத்தில் மனதுக்குள் தாளம் போட்டு எண்ணுங்கள்.

'எ டிஃபிகல்ட் கேம் அபௌட் கிளைம்பிங்' கேமில் மவுஸின் இடது பட்டன் இடக்கை, வலது பட்டன் வலக்கை. அழுத்திப் பிடித்திருக்கும்வரை பிடி இருக்கும். (1980-இல் வந்த 'கிரேஸி கிளைம்பர்' என்ற ஜப்பானிய ஆர்கேட் கேமிலேயே இரண்டு கைக்கு இரண்டு ஜாய்ஸ்டிக் உண்டு. யோசனை பழையது.) இங்கே தவறுவது விரல் குழப்பத்தால்: எந்தக் கை மாட்டியிருக்கிறதோ அந்தக் கையையே விட்டுவிடுவோம். ஒவ்வொரு பிடியிலும் ஒரு கணம் நின்று, மாட்டிய கை எது என்று உறுதிசெய்துவிட்டு மற்றதை விடுவதுதான் வழி. மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் வேகம் பின்னால் தானாக வரும். முப்பரிமாண கேம்களில் பிரச்சினை கையில் இல்லை, கண்ணில். மேடை எவ்வளவு தூரம் என்று தட்டைத் திரையில் தெரியாது. தாவும்போது காலை அல்ல, கீழே விழும் நிழலைப் பார்த்து இறங்க வேண்டும்.

எவ்வளவு நேரம் ஆடுவது? ஒரே தாவலில் தொடர்ந்து மோசமாகிக்கொண்டே போனால் கை களைத்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு பழகுவது தவறைத்தான் பழகுவதாக இருக்கும். எழுந்துவிடுங்கள். கைவேலைப் பழக்கம் தூக்கத்தில் கெட்டிப்படுகிறது என்பது நரம்பியல் நன்றாக ஆராய்ந்த விஷயம். இரவு முழுக்கப் போராடியும் வராத தாவல், காலையில் காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்ததும் வருவதற்கு அதுதான் காரணம்.

சேர்ந்து ஏறுவது

இந்த கேம்களை ஆடுகிறவர்களைவிடப் பார்க்கிறவர்கள் அதிகம். ஆட்டத்தை இணையத்தில் நேரலையாகக் காட்டும் தமிழ் ஸ்ட்ரீமர்கள் பலரும் அண்டாக்காரரை ஏற்றியிருக்கிறார்கள். வழுக்கு மரத்தைச் சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு என்ன கிடைக்கிறதோ அதுதான் இங்கும் கிடைக்கிறது. விதி சொல்லித் தர வேண்டியதில்லை, ஆள் எங்கே இருக்கிறார், எங்கே போக வேண்டும், விழுந்தால் எங்கே வருவார் என்பது ஒரே பார்வையில் தெரியும். அதற்காக மேசையை உடைத்து, கீபோர்டை வீசி நடிக்கிறவர்களைப் பார்த்து, இது கோபத்துக்கான கேம் என்று முடிவு கட்டக் கூடாது. மலையைக் கடந்தவர்கள் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் ஏறியிருக்கிறார்கள். 'கெட்டிங் ஓவர் இட்' மலையை ஒவ்வொரு முறை கடக்கும்போதும் அண்டாவில் கொஞ்சம் பொன்னிறம் ஏறும், ஐம்பதாவது முறையில் முழுப் பொன்னாகிவிடும். அந்த ஐம்பதை எட்டியவர்கள் கத்திக்கொண்டே எட்டியிருக்க முடியாது.

கூட்டாக ஆடுவது இப்போது பெருகிவருகிறது. 'பீக்' கேமில் நான்கு பேர்வரை சேர்ந்து ஏறலாம். பசி, காயம் எல்லாம் ஆளின் தெம்பைத் திரையில் காட்டும் கோட்டைக் குறுக்கும், மேலே போனவர் கை கொடுத்துத் தூக்கிவிடலாம். மலை தினமும் மாறும் என்பதால் மனப்பாடம் உதவாது. 'செயின்டு டுகெதர்' அதற்கு நேர் எதிர். மலை மாறாது, ஆனால் நான்கு பேரும் ஒரே சங்கிலியில் கட்டப்பட்டவர்கள். ஒருவர் தவறினால் அவர் எடை மற்றவர்களை இழுக்கும். அதில் செக்பாயிண்ட் உள்ள தொடக்க நிலையும் இருக்கிறது, புதியவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். ஓசூரில் ஒருவர், பென்னாகரத்தில் ஒருவர், ஊத்தங்கரையில் ஒருவர் என்று ஆளுக்கொரு வீட்டிலிருந்து ஆடும்போது விழ வைப்பது பெரும்பாலும் கை அல்ல, குரல்தான். இணையத்தில் குரல் சற்றுத் தாமதமாகத்தான் போய்ச் சேரும். "குதி" என்று ஒருவர் சொல்லி மற்றவர் காதில் விழுவதற்குள் சொன்னவர் குதித்துவிடுவார், சங்கிலி வெட்டி இழுக்கும். எண்ணுகிறவர் ஒருவராகவே இருக்க வேண்டும், ஒரே சீராக எண்ண வேண்டும், எண்ணுகிறவரும் மற்றவர்களுக்காக ஒரு கணம் பொறுத்துக் குதிக்க வேண்டும். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றால் 'மூணு' சொல்லும்போதே குதிப்பதா, சொல்லி முடித்த பிறகா என்பதை முதல் பாறையில் நிற்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.